கரையான் தின்ற க்ரூட்: பழைய ராட்சசக் காமிக்ஸ் சேகரிப்புக்கு ஓர் அறிமுகம்

மார்வெல் படங்கள் பார்த்தவர்களுக்கு க்ரூட்டைத் தெரியாமல் இருக்காது. நடக்கும் மரம். 'ஐ ஆம் க்ரூட்' என்ற மூன்று சொல்லைத் தவிர அதற்கு வேறு பேச்சு கிடையாது. ஆனால் க்ரூட் முதன்முதலில் தலைகாட்டிய கதையில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. தான் ஒரு கிரகத்துக்கே அரசன் என்று பெருமையடித்துக்கொள்வான். ஒரு ஊரை அப்படியே பெயர்த்துத் தன் கிரகத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள மனிதர்களை வைத்து ஆராய்ச்சி நடத்தப் போவதாக மிரட்டுவான். துப்பாக்கிக்கும் அசையமாட்டான், நெருப்புக்கும் அசையமாட்டான். கடைசியில் லெஸ்லி எவன்ஸ் என்ற விஞ்ஞானி கரையான்களை வளர்த்து அவன்மேல் ஏவிவிடுகிறார். மரத்துக்கு வேறென்ன எதிரி வேண்டும்? கதை முடிந்தது.

அது வந்தது 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்' 13-ஆம் இதழில். அட்டையில் 1960 நவம்பர் என்று போட்டிருக்கும், விலை 10 சென்ட். அதை வாங்கிப் படித்த அமெரிக்கப் பையன்களுக்கு க்ரூட் அந்த மாதத்து ராட்சசன், அவ்வளவுதான். போன மாதம் ஒருத்தன் வந்தான், அடுத்த மாதம் வேறொருத்தன் வருவான். இன்று பழைய காமிக்ஸ் கண்காட்சிகளில் அந்த இதழைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். அதே வரிசையின் 14, 15-ஆம் இதழ்கள் அதைவிடப் பல மடங்கு மலிவாக வெளியே அட்டைப்பெட்டியில் நிற்கும். அதே ஓவியர், அதே தாள், அதே வயது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் இந்தச் சேகரிப்பில் பாதி பிடிபட்ட மாதிரி.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சூப்பர்ஹீரோ காமிக்ஸ் என்று நாம் இன்று சொல்வது 1938-ல் சூப்பர்மேனோடு தொடங்குகிறது. 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், ஜூன் 1938, 10 சென்ட். அடுத்த வருடம் 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில் பேட்மேன். அதே 1939-ல், பிற்பாடு மார்வெல் ஆன கம்பெனியின் முதல் காமிக்ஸ். 1941 மார்ச் தேதியிட்ட 'கேப்டன் அமெரிக்கா' முதல் இதழின் அட்டையில் அவர் ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறார். அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை. இந்தக் காலத்துக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோல்டன் ஏஜ்'. போர் முடிந்ததும் முகமூடிக்காரர்கள் மேல் இருந்த மோகம் வடிந்துவிட்டது. காதல் கதை, கௌபாய் கதை, குற்றக் கதை, பேய்க் கதை என்று கடைகள் நிரம்பின. சூப்பர்மேன், பேட்மேன் மாதிரி ஒரு சிலர்தான் தாக்குப்பிடித்தார்கள்.

பேய்க் கதைகளில் பெரிய பெயர் ஈசி காமிக்ஸ். பிரமாதமான ஓவியர்கள், பச்சையான ரத்தம். 1954-ல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதே வருடம் அமெரிக்க செனட்டின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. ஈசியின் முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் சாட்சி சொல்ல வந்தார். கையில் கோடாலி, இன்னொரு கையில் பெண்ணின் வெட்டிய தலை என்று இருந்த ஒரு அட்டையைக் காட்டி, 'இது நல்ல ரசனையா?' என்று கேட்டார்கள். பேய்க் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்று அவர் பதில் சொன்னார். நேர்மையான பதில். ஆனால் அதோடு அவருடைய பேய்க் காமிக்ஸின் கதை முடிந்தது.

பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே சேர்ந்து ஒரு தணிக்கை அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதுதான் காமிக்ஸ் கோட். 1955 முதல் பல பத்தாண்டுகள் அமெரிக்கக் காமிக்ஸ் அட்டைகளின் மேல் மூலையில் ஒரு தபால்தலை போல ஒட்டிக்கொண்டிருக்கும் முத்திரை அவர்களுடையது. ரத்தக் காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது, செத்தவன் எழுந்து நடக்கக் கூடாது, தலைப்பிலே 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களே கூடாது. பட்டியல் நீளமானது. ஆனால் வேற்றுக் கிரகத்திலிருந்து அறுபதடி உயரத்தில் ஒருவன் வந்து கட்டடங்களை மிதிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

அந்த ஓட்டை வழியாகத்தான் ராட்சசர்கள் வந்தார்கள். சினிமாவும் கைகொடுத்தது. ஜப்பானின் காட்ஸில்லா 1956-ல் அமெரிக்கத் திரைகளுக்கு வந்துவிட்டது. கதிர்வீச்சில் வீங்கிய எறும்பும் சிலந்தியும் படத்துக்குப் படம் ஊரை அழித்துக்கொண்டிருந்தன. பிற்பாடு மார்வெல் ஆன அந்தக் கம்பெனியின் பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன், ஊரில் எது ஓடுகிறதோ அதையே தானும் போடுகிறவர். அவருக்கு ஆசிரியர் ஸ்டான் லீ. 1958-ல் ஜாக் கிர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் அங்கே வரைய வந்து சேர்ந்தார்கள். பிறகு மூன்று நான்கு வருடம் ராட்சச மழைதான். ஸ்போர், டாபூ, கோர்கில்லா, மான்ஸ்ட்ரோம், ஆர்கோ, கூம், கூமின் மகன் கூகம். பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் வாயில் பாக்கு போட்டுக்கொண்டு திட்டுவது போலவே இருக்கும். 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 89-ஆம் இதழில் வரும் ஃபின் ஃபாங் ஃபூம் என்ற டிராகன் மலை போன்ற உருவம், ஆனால் ஒழுங்காக ஜட்டி போட்டிருப்பான். தணிக்கைக்குப் பயந்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இதழைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே ஏற்பாடு இருக்கும். முன்னால் கிர்பி வரைந்த ராட்சசன், பெரும்பாலும் டிக் ஏயர்ஸ் மை தீட்டியது. நடுவில் வேறு ஓவியர்களின் சின்னக் கதைகள். கடைசியில் டிட்கோவின் ஐந்து பக்கம். அதில் ராட்சசன் இருக்கமாட்டான். பேராசைக்காரன் ஒருவன் இருப்பான், கடைசிக் கட்டத்தில் விதி அவனைப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு ராட்சசனைவிட அந்த ஐந்து பக்கம்தான் பிடிக்கும். ஆனால் அட்டையில் இருப்பவனுக்குத்தான் விலை.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 1957-ல் குட்மேனுக்கு ஓர் இடி விழுந்தது. அவருடைய புத்தகங்களைக் கடைகளுக்கு விநியோகித்துக்கொண்டிருந்த கம்பெனி அந்தத் தொழிலையே கைவிட்டது. வேறு வழியில்லாமல் அவர் போய் நின்ற இடம் இண்டிபென்டன்ட் நியூஸ். அது சூப்பர்மேனை வெளியிடும் எதிர்க் கம்பெனிக்காரர்களின் விநியோக நிறுவனம். அவர்கள் சும்மா விடுவார்களா? மாதத்துக்கு எட்டுப் புத்தகம்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். குட்மேன் அந்த எட்டு இடத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பதினாறு தலைப்புகளாகப் பிரித்துக்கொண்டு சமாளித்தார். புதிதாக ஒன்று தொடங்க வேண்டுமானால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்த வேண்டும்.

1961-ல், எதிர்க் கம்பெனியின் ஜஸ்டிஸ் லீக் நன்றாக விற்பதைப் பார்த்து மார்வெலும் சூப்பர்ஹீரோ பக்கம் திரும்பியது. ஆனால் இடமில்லையே. அதனால் புது நாயகர்களில் பலர் ராட்சசர்களின் வீட்டிலேயே குடிபுகுந்தார்கள். 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 83-ல் தோர். 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 39-ல் அயர்ன்மேன். 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 110-ல், பின்பக்கத்தில், டிட்கோவின் அந்தப் பழைய ஐந்து பக்க இடத்தில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச். நிறுத்தப்போகிற ஒரு பத்திரிகையின் கடைசி இதழில், 'அமேசிங் ஃபேன்டசி' 15-ல், ஸ்பைடர்மேன். முதல் இதழ்தானே விலையுயர்ந்தது என்று நம்பி வருகிறவர்கள் 83, 39, 110 என்ற எண்களைப் பார்த்து முழிப்பது இதனால்தான்.

குடிபுகுந்தவர்கள் பார்ப்பதற்கும் பழைய குடித்தனக்காரர்கள் போலவே இருந்தார்கள். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழ் கையில் கிடைத்தால் (படத்தில்தான் கிடைக்கும், சரி) அட்டையைப் பாருங்கள். தெருவைப் பிளந்துகொண்டு ஒரு பச்சை ராட்சசன் எழுந்து நிற்கிறான். நாயகர்களுக்கு உடுப்புகூட இல்லை. அது மூன்றாம் இதழில்தான் வருகிறது. நால்வரில் ஒருவனான திங், பாறை போன்ற உடம்பு, தன் உருவத்தைத் தானே வெறுப்பவன். முந்தின வருடமாக இருந்தால் அவன்தான் அட்டை ராட்சசன். ஹல்க் இன்னும் அப்பட்டம். முதல் இதழில் சாம்பல் நிறம், அச்சில் அது ஒழுங்காக வராததால் இரண்டாம் இதழிலிருந்து பச்சை. ஆறே இதழில் நிறுத்தப்பட்டு, 1964-ல் எங்கே போனான்? க்ரூட் வந்த அதே 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்'க்கு. தோரின் முதல் கதையில் எதிரிகள் சனி கிரகத்துக் கல் மனிதர்கள். ராட்சசக் கதையில் ஒரு சுத்தியலைச் சேர்த்தது போலத்தான் இருக்கும்.

அதனால்தான் ராட்சசக் காமிக்ஸையும் ஆரம்பகால மார்வெல் சூப்பர்ஹீரோ காமிக்ஸையும் இரண்டு தனித்தனி சேகரிப்பாக நான் பார்ப்பதில்லை. ஒரே ஆறு, நடுவில் ஓரிடத்தில் பெயர் மாறுகிறது.

அந்த இடத்துக்கு மேலே இருப்பதை 'ப்ரீ-ஹீரோ' என்பார்கள். நாயகன் வருவதற்கு முந்தைய இதழ்கள் என்று பொருள். 'ஜர்னி இன்டு மிஸ்டரி'யில் 82 வரை, 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்'ஸில் 38 வரை, 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்'ஸில் 100 வரை (டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கு முன்னாலேயே, 101-ல், வேறொரு நாயகன் அங்கே வந்துவிட்டான்). 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்' மட்டும் கொஞ்சம் வில்லங்கம். 27-ல் ஹாங்க் பிம் என்பவர் எறும்பளவு சுருங்கி எறும்புப் புற்றுக்குள் மாட்டிக்கொள்ளும் தனிக்கதை வந்தது. எட்டு இதழ் கழித்து, 35-ல், அதே ஆள் உடுப்புப் போட்டுக்கொண்டு ஆன்ட்மேனாகத் திரும்பி வந்தார். அதனால் ராட்சசக் கதைகளுக்கு நடுவே 27 மட்டும் தீவு மாதிரி விலையேறி நிற்கிறது.

இப்படி ஒரு பாத்திரம் முதலில் வரும் இதழ், ஒரு முக்கியமான திருப்பம் நடக்கும் இதழ் இவற்றுக்கு 'கீ இஷ்யூ' என்று பெயர். நம்மூர்ச் சேகரிப்பாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழ், அந்த 'இரும்புக்கை மாயாவி', அதைத் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் போதும். மாயாவியும் 1962-ல் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் பிறந்தவன்தான், ஸ்பைடர்மேனின் வயது. க்ரூட் 2014-ல் சினிமாவுக்கு வந்தான். 54 வருடம் சும்மா கிடந்த ஒரு ராட்சச இதழ் கீ இஷ்யூ ஆனது. 14-க்கும் 15-க்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கீ என்ற சொல்லுக்குப் பணம் கிடைக்கிறது என்றால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 'ப்ரோட்டோடைப்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு வந்த நாயகனுக்கு முன்மாதிரி போல இருக்கும் யாராவது பழைய கதையில் தென்பட்டால் அந்த இதழுக்கு அந்த முத்திரை. 'ஜர்னி இன்டு மிஸ்டரி' 62-ல் ஹல்க் என்ற பெயரில் மயிர் அடர்ந்த ஒரு வேற்றுக்கிரகவாசி வருகிறான். பச்சை ஹல்க்குக்கும் அவனுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 97-ல் டிட்கோவின் ஐந்து பக்கக் கதையில், பின்னாளில் ஸ்பைடர்மேனை வளர்த்த மே அத்தையும் பென் மாமாவும் வருகிறார்கள், ஸ்பைடர்மேனுக்குச் சில மாதம் முன்னால். அதே முகம், அதே பெயர். இரண்டாவது உண்மையிலேயே சுவாரசியமானது. முதலாவதுக்குக் கூடுதல் காசு கொடுப்பது என் பார்வையில் வீண். ஒவ்வொரு ப்ரோட்டோடைப்புக்கும் கதையைப் படித்துப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது நிலை, அதாவது கிரேடு. என் முதல் பாடமே இதில்தான். இணையத்தில் ஒருவரிடம் 1961-ஆம் வருடத்து இதழ் ஒன்று வாங்கினேன். 'குட்' என்று போட்டிருந்தார். குட் என்றால் நல்லதுதானே? வந்து சேர்ந்தது பாதி கிழிந்த முதுகும், காபிக் கறையும், மூலை மூலையாக மடிப்பும் விழுந்த ஒரு பரிதாபம். சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக ஓர் அளவுகோலை அனுப்பி வைத்தார். தவறு என்னுடையது. காமிக்ஸ் உலகில் நிலையை 0.5 முதல் 10 வரை எண்ணில் சொல்வார்கள். அதில் 'குட்' என்பது 2. 'வெரி குட்' 4, 'ஃபைன்' 6, 'வெரி ஃபைன்' 8, 'நியர் மின்ட்' 9.4. பள்ளிக்கூடத்துக் கணக்கில் குட் வாங்கினவன் ஃபெயில். இந்த ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, வியாபாரம் தெரிந்தவர்கள்.

எண் ஏற ஏற விலை சீராக ஏறாது. மேலே போகப் போகத் தாவும். 'அமேசிங் ஃபேன்டசி' 15-இன் 9.6 பிரதி ஒன்று 2021-ல் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே இதழின் கிழிந்த பிரதிக்கும் அந்தத் தொகைக்கும் இடையிலான தூரம் ஒரு வீட்டுக்கும் ஒரு சைக்கிளுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். ஆரம்பிக்கிறவர்கள் 2-க்கும் 4-க்கும் இடையில் வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். அட்டை முழுதாக இருக்கும், பக்கம் எல்லாம் இருக்கும், திறந்து படிக்கலாம், படிக்கும்போது கை நடுங்காது.

'பக்கம் எல்லாம் இருக்கும்' என்றேனே, அதைச் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும். அறுபதுகளின் இதழில் அட்டை போக 32 பக்கம். எட்டுத் தாளை மடித்து நடுவில் இரண்டு பின் அடித்திருப்பார்கள். நடுத்தாள்தான் முதலில் கழன்று விழுவது. அது போனால் நான்கு பக்கம் போச்சு. விளம்பரக் கூப்பனைக் கத்தரித்து அனுப்பிய பையன்கள் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த கதையையும் சேர்த்துக் கத்தரித்திருப்பார்கள். பின்கள் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கியிருக்கிறதா, நடுத்தாள் பின்னில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, முதுகு ஒரு பக்கமாகச் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீளவாக்கில் நட்ட நடுவே ஒரே மடிப்பு தெரிந்தால் அது தபாலில் சந்தாதாரருக்கு மடித்து அனுப்பிய பிரதி. மார்வெல் இதழ்களின் வலது ஓரத்தில் எலி கொறித்தது போலச் சின்னச் சின்னப் பிசிறு இருக்கும். அச்சகத்தில் மழுங்கிய கத்தியால் வெட்டியதால் வந்தது. அதற்கு 'மார்வெல் சிப்பிங்' என்று தனிப் பெயரே உண்டு. எனக்கென்னவோ அந்தப் பிசிறு பிடிக்கும். பிறந்தபோதே இருந்த மச்சம் அது.

அட்டையின் மேல்பகுதி மட்டும் இல்லாத பிரதிகளும் கண்ணில் படும். விற்காத இதழை முழுதாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, தலைப்பு இருக்கும் துண்டைக் கிழித்து அனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டும். போடாமல் சில்லறைக் காசுக்கு விற்றுவிட்டார்கள். படிக்க மட்டும் வேண்டுமென்றால் இவை மலிவு.

ஆனால் கிழிசலுக்குப் பயப்படுவதைவிடச் செப்பனிட்டதற்குப் பயப்படுங்கள். அட்டையில் வெளுத்த இடத்தில் வண்ணம் தீட்டுவது, கிழிந்த மூலையை வேறு தாளால் அடைப்பது, பிசிறான ஓரத்தை நறுக்கிச் சமமாக்குவது எல்லாம் நடக்கும். சொல்லிவிட்டு விற்றால் குற்றமில்லை, விலை குறையும். சொல்லாமல் விற்றால்தான் சிக்கல். சந்தேகம் வந்தால் அட்டையின் உட்பக்கத்தைப் பாருங்கள். மை கசிந்து தெரியும். அளந்தும் பாருங்கள். பெரிய தொகை என்றால் மூன்றாமவர் மதிப்பிட்டு முத்திரையிட்ட பிரதி வாங்குவது நல்லது. ஃப்ளோரிடாவில் இருக்கும் சிஜிசி என்ற நிறுவனம் 2000-இலிருந்து இதைச் செய்கிறது. இதழைக் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து மேலே எண் போட்டுக் கொடுப்பார்கள். நீலச் சீட்டு என்றால் கை வைக்காதது, ஊதாச் சீட்டு என்றால் செப்பனிட்டது. இப்படி அடைத்ததை 'ஸ்லாப்' என்பார்கள். விற்கவும் வாங்கவும் வசதி, படிக்கத்தான் முடியாது. பத்து சென்ட் காமிக்ஸை மீன்தொட்டி மாதிரி வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை; என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது.

கையில் இருப்பது எந்த வருடத்தது என்று கண்டுபிடிக்க அட்டை விலையே கடிகாரம். 1961 முடிய 10 சென்ட், 1962 தொடக்கத்திலிருந்து 12, 1969-ல் 15. ஒன்பது பென்ஸ் போட்டிருந்தால் அது பிரிட்டனுக்கென்று அதே அமெரிக்க அச்சகத்தில் விலையை மட்டும் மாற்றி அடித்த பிரதி. மறுபதிப்பு அல்ல, பொதுவாக விலையும் கொஞ்சம் குறைவு. அட்டையில் இருக்கும் மாதம் கடைக்கு வந்த மாதம் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழில் நவம்பர் 1961 என்று இருக்கும், கடைக்கு வந்தது ஆகஸ்டில். பத்திரிகை பழசாகத் தெரியாமல் அதிக நாள் கடையில் தொங்க அது ஒரு தந்திரம். 1961 ஜூனுக்கு முந்தைய இதழ்களில் மார்வெல் என்ற பெயரையோ குறியையோ தேடாதீர்கள். அந்த மாதத்து இதழ்களில்தான் 'எம்சி' என்று ஒரு சின்னப் பெட்டி அட்டையில் முளைத்தது. உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்தில் வேறு வேறு கம்பெனிப் பெயர் இருக்கும், எல்லாம் குட்மேனுடையவைதான்.

அந்தப் பொடி எழுத்தைப் படிக்கும் பழக்கம் மறுபதிப்பிலிருந்தும் காப்பாற்றும். 1966-ல் சில முதல் இதழ்களை இசைத்தட்டோடு சேர்த்து விற்பதற்காக மறுபடி அச்சிட்டார்கள். அட்டையில் விலை இருக்காது. எழுபதுகளில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் அச்சிட்டு, மேலே இன்னொரு அட்டை போட்டு விற்றார்கள். அந்த மேலட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே 1938-ஆம் வருடத்து அட்டை அப்படியே சிரிக்கும். தாத்தா பெட்டியில் சூப்பர்மேன் கிடைத்தது என்று ஓடி வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது இதுதான். அளவைப் பார்த்தாலே தெரியும், அசலைவிடப் பெரியது.

கோல்டன் ஏஜ் பக்கம் ஆசை இருந்தால் கண்ணால் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் 8.5 பிரதி 2024-ல் 60 லட்சம் டாலர். அவ்வளவு அரிதானதற்குக் காரணம், பையன்கள் கிழியக் கிழியப் படித்தார்கள், அம்மாக்கள் தூக்கிப் போட்டார்கள், போர்க்காலத்தில் பழைய காகிதம் வீடு வீடாகச் சேகரிக்கப்பட்டுக் கூழாகப் போயிற்று. விதிவிலக்காக, கொலராடோவில் எட்கர் சர்ச் என்றொருவர் ஆயிரக்கணக்கில் வாங்கி அடுக்கி வைத்திருந்தார். 1977-ல் அது வெளியே வந்தபோது தாள் புதுசு போல வெள்ளையாக இருந்தது. குளிர்ந்த, ஈரமில்லாத ஊர், ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கிய கட்டு. காற்றும் வெளிச்சமும் உள்ளே போகவில்லை.

நம் ஊரில் அந்தச் சௌகரியம் இல்லை. இந்தக் காமிக்ஸ் அச்சானது மட்டமான மரக்கூழ்த் தாளில். அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், அமிலம் சேரும், கடைசியில் அப்பளம் மாதிரி நொறுங்கும். வெயிலும் ஈரமும் அதை விரட்டிவிடும். அதனால் மைலார் என்ற பாலியெஸ்டர் பிளாஸ்டிக் உறை, இதழுக்குப் பின்னால் தாங்கலாக அமிலமில்லாத அட்டை, உள்ளே இதழ், பெட்டியில் நிமிர்த்தி வரிசையாக. பெட்டி தரையில் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். சமையலறைச் சாமான் வாங்கும் சாதா பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை போட்டேன். அந்த வாசனை இன்றுவரை போகவில்லை. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே போதும். திறந்தால் இரண்டு கதை படித்துவிட்டுத்தான் மூடுவீர்கள், அது வேறு.

முதலில் எதை வாங்குவது? நான் சொல்வது எழுபதுகளின் மறுபதிப்பு வரிசையை. 1970 முதல் 75 வரை மார்வெல் 'வேர் மான்ஸ்டர்ஸ் ட்வெல்' என்று 38 இதழ் போட்டது. பழைய ராட்சசக் கதைகளின் மறுபதிப்புதான் பெரும்பாலும். கீ என்று ஒன்றுமில்லாததால் யாரும் அடித்துக்கொள்வதில்லை. இரண்டு காபி காசுக்குக்கூடச் சில சமயம் கிடைக்கும். இந்த வரிசையில் பத்து படித்தால் எந்த ராட்சசன் உங்கள் ஆள் என்று தெரிந்துவிடும். அப்புறம் அவனுடைய அசல் இதழைத் தேடலாம். டிட்கோ பிடித்துப்போனால் சார்ல்டன் என்ற சின்னக் கம்பெனியில் அவர் வரைந்த கோர்கோ, கொங்கா இதழ்கள் இருக்கின்றன. சினிமா ராட்சசர்கள் இரண்டு பேரும். அச்சு மட்டம், ஓவியம் பிரமாதம். அட்டைகளைப் பார்க்கவும், எந்தக் கதை எங்கே மறுபதிப்பானது என்று தெரிந்துகொள்ளவும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்ற இணையதளம் இலவசமாகவே இருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்வாருங்கள்.

என் ஆள் கூம். ஆரஞ்சு நிறம், அகன்ற வாய், தலைக்கனம். 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 15-ல் அவன் வந்து தோற்றுப்போகிறான். இரண்டே இதழ் தள்ளி, 17-ல், அப்பா விட்ட இடத்திலிருந்து தொடங்க மகன் கூகம் வருகிறான். கூகம் எனக்கு ஒரு கண்காட்சியில் 3.0 நிலையில் கிடைத்தான். பின்னட்டையில் யாரோ ஒரு பையன் பேனாவால் கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறான், விடை தப்பு. அப்பாவைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.